தெரபி சென்டரில் மொத்தமாகப் பணம் கட்டப் போகிறீர்களா? என் 84,000 ரூபாய் போன கதை

இன்று காலை அந்த சென்டர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஏபிஏ என்ற நடத்தைப் பயிற்சி தருகிற, சென்னைப் புறநகரில் இருக்கும் ஒரு சென்டர். என் ஐந்து வயது மகனுக்கு ஆறு மாத பேக்கேஜ் என்று 84,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம்.

முதல் சந்திப்பில் சூப்பர்வைசர் என்று ஒரு மேடம் வந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், கடைசியாக எப்போது ஃபிட்ஸ் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "பிளான் நான் போடுவேன், டெக்னீஷியன் அதை அப்படியே செய்வார், வாரா வாரம் நான் பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பேன்" என்றார். அந்த டெக்னீஷியன் தம்பி தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதினார். சட்டென்று நிறுத்திவிட்டு, குச்சியை உதட்டருகே வைத்தபடி காத்திருந்தார். புது ஆள் முகத்தை ஏறிட்டே பார்க்காத என் பிள்ளை, நிமிர்ந்து அவரைப் பார்த்து, அவர் கையைப் பிடித்து இழுத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே 84,000 ரூபாயும் அவர்கள் கணக்குக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த மேடத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

பிளானைக் காட்டச் சொன்னால் தம்பி, "அது இவனுக்கு செட் ஆகலக்கா, நானே மாத்திட்டேன்" என்றார். அப்புறம் ஒரு நாள், "அந்த சிரப்பாலதான் டல்லா இருக்கான், பாதியா குறைச்சுப் பாருங்க" என்றார். அவர் சொன்னது ஃபிட்ஸுக்காக நரம்பியல் டாக்டர் எழுதிக்கொடுத்த வால்ப்ரோயேட்! திடீரென்று குறைத்தால் ஃபிட்ஸ் திரும்பி வரும், நிற்காமல்கூட வரலாம், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் பதறியது.

அன்று இரவே உட்கார்ந்து இந்த வேலைக்கு என்ன விதி என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பிஏசிபி என்ற சான்று வாரியம் 2014-ல் ஆர்பிடி என்ற டெக்னீஷியன் சான்றிதழைக் கொண்டுவந்தது. 40 மணி நேரப் பயிற்சி முடித்து, செய்முறை மதிப்பீட்டிலும் தேர்விலும் தேற வேண்டும். அதன் பிறகும் தனியாக வேலை செய்ய முடியாது. மாதத்தில் தெரபி தரும் நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்துக்கு சூப்பர்வைசரின் மேற்பார்வை வேண்டும், குழந்தையோடு வேலை செய்யும்போதே அவர் பார்ப்பதும் அதில் சேர்த்தி. போட்ட பிளானைச் செய்வதும் நடந்ததை உள்ளபடி எழுதுவதும்தான் டெக்னீஷியன் வேலை. பிளானைத் தானாக மாற்றக்கூடாது. மருந்து பற்றிப் பேச அவருக்கு இடமே இல்லை, டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். இந்த சென்டர் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது வெறும் 40 மணி நேர கோர்ஸ் சர்டிஃபிகேட். அந்த டெக்னீஷியன் தம்பி சின்ன வயசுப் பையன், மேலே ஆளே இல்லாமல் அவனைத் தனியாக விட்டுவிட்டு, சூப்பர்வைசருக்கும் சேர்த்து என்னிடம் 84,000 வாங்கியவர்கள் மேல்தான் எனக்கு முழுக் கோபமும்.

தினமும் நடந்ததை எழுதி வைக்கும் டேட்டா ஷீட்டை விடாமல் கேட்டு வாங்கினேன். மகன் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த நாட்களுக்கும் செஷன் நடந்ததாக எழுதியிருந்தது. பத்துக்கு எட்டு, பத்துக்கு எட்டு என்று எல்லா நாளும் ஒரே மார்க். கீழே சூப்பர்வைசர் கையெழுத்து, எல்லாப் பக்கத்திலும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்ட மாதிரி.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரிசப்ஷனில், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க". மறுபடி கேட்டால், "ஃபார்ம்ல நோ ரீஃபண்ட்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே". மேனேஜர் என்று ஒருவர் போனில் வந்து, "வீட்ல மொபைல் குடுக்கறீங்க, பேரன்ட்ஸ் ஒத்துழைப்பு இல்லன்னா ரிசல்ட் எப்படி வரும்?" என்றார். பிள்ளையை வைத்துக்கொண்டு அல்லாடும் தாயிடம் பேசும் பேச்சா இது? டேட்டா ஷீட் போட்டோவை அனுப்பியதும் பிளாக். 84,000 ரூபாய்!

என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். மாதாமாதம் மட்டும் கட்டுங்கள். சூப்பர்வைசரின் பெயரையும் தகுதியையும் எழுதி வாங்குங்கள். ஆர்பிடி என்றால் பிஏசிபி இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். ஸ்பெஷல் எஜுகேட்டர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ என்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். டேட்டா ஷீட்டை வாரா வாரம் போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டு மருந்தைக்கூடக் குறைக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இதே மாதிரி ஆறு மாதப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ரசீதோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போவோம்.