தோட்டத்துக் குளக்கரை கசிந்தால் ஷீட் விரிப்பதா, மண்கரையைச் சீர்செய்வதா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்கள் பலவற்றில் ஓடையை மறித்துக் கட்டிய பழைய மண்கரை ஒன்று இருக்கும். மார்ச், ஏப்ரலில் மழை ஏமாற்றினால் காப்பிச் செடி பூ விடுவதற்கு ஸ்பிரிங்க்ளர் ஓட்ட அந்தத் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை. எங்கள் கரையும் அப்படித்தான், சுமார் 15 அடி உயரம். அதன் வெளிப்பக்க அடிவாரத்தில் ஈரம் கூடிக்கொண்டே வந்தபோது இரண்டு யோசனைகள் சொன்னார்கள்: குளம் முழுக்க பிளாஸ்டிக் ஷீட் விரிப்பது, இல்லையென்றால் மண்கரையையே சீர்செய்வது. நாங்கள் இரண்டாவதைச் செய்தோம்.

ஷீட்டின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். 500 மைக்ரான் ஷீட்டைச் சூடுவைத்து ஒட்டி, விளிம்பைக் கரைமேல் பள்ளம் வெட்டிப் புதைத்தால் வேலை சீக்கிரம் முடியும், கசிவும் நிற்கும். ஆத்தூர், தலைவாசல் பக்கம் சமதளத்தில் குழி வெட்டி போர் தண்ணீரை நிரப்பும் பண்ணைக்குட்டை என்றால் நானே ஷீட்டைத்தான் சொல்வேன்.

ஓடைக்குளம் வேறு. ஒவ்வொரு மழைக்கும் ஓடை மண்ணையும் சருகையும் கொண்டுவந்து தள்ளும். சில வருடத்துக்கு ஒருமுறை ஜேசிபி இறக்கி வண்டல் அள்ளியே ஆகணும். ஷீட் மேல் ஜேசிபி இறங்கினால் கிழிந்துவிடும். அடியில் ஊற்று இருந்தால், குளத்தில் தண்ணீர் குறையும்போது ஊற்றுநீர் ஷீட்டைக் கீழிருந்து பலூன் மாதிரி தூக்கும். தண்ணீர் குடிக்க இறங்கும் காட்டெருமையின் குளம்பையும் அது தாங்காது. அப்புறம் வழுக்கல். உள்ளே விழுந்த குழந்தை தானாக ஏறி வர முடியாது. வேலியும் பிடிகயிறும் கட்டாயம்.

இதையெல்லாம் கூடச் சமாளிக்கலாம். நான் முடிவெடுத்தது வேறு காரணத்துக்காக. கரை உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியணும். எங்கள் கரைக்குக் கீழே ஓடையோரமாகத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகள் இருக்கின்றன. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் குறிப்பிட்ட சில வகைகளுக்கும்தான் பொருந்தும். நம் கரைகளைப் பார்க்க நம்மை விட்டால் ஆளில்லை. 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறிய மண் அணை இரவு நேரத்தில் உடைந்து, கீழே இருந்த வீடுகளை ஆட்களோடு அடித்துக்கொண்டு போனது. அணை கசிகிறது என்று ஊரார் முன்பே முறையிட்டிருந்தார்கள்.

மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா என்பதைத்தான் பார்க்கணும். கலங்கல் வந்தால் தண்ணீர் கரைக்குள்ளிருந்து மண்ணை அரித்து எடுத்து வருகிறது, உள்ளே பொந்து நீண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 1976-இல் அமெரிக்காவின் டீட்டன் அணை, முதல் தடவையாகத் தண்ணீர் நிரப்பும்போதே இந்த உள் அரிப்பால் உடைந்தது. காலையில் கலங்கல் கசிவு தெரிந்தது, மதியத்துக்குள் அணை போய்விட்டது.

இப்போது எங்கள் கசிவெல்லாம் ஒரே சிறு வாய்க்காலில் வந்து சேர்கிறது. கண்ணாடி டம்ளரில் பிடித்துச் சற்றுநேரம் அசையாமல் வைத்து, அடியில் செம்மண் படிகிறதா என்று பார்ப்போம். ஒரு பக்கெட் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்பதைக் குளத்து மட்டத்தோடு நோட்டில் எழுதுவோம். மட்டம் அதேதான், ஆனால் பக்கெட் சீக்கிரம் நிரம்புகிறது என்றால் உடனே தண்ணீரை இறக்க வேண்டியதுதான். ஷீட் போட்டிருந்தால் எங்கோ ஒரு கிழிசல் வழியாக ஒரே இடத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். அது எந்த இடம் என்று வெளியிலிருந்து கண்டுபிடிப்பது பெரும்பாடு.

சீர்செய்ததில் முக்கியமானது ஒன்று: களிமண் உள்பக்கம், மணல் வெளிப்பக்கம். பலர் வெளியே ஈரம் தெரியும் இடத்தில் களிமண்ணோ சிமெண்டோ வைத்து அடைக்கிறார்கள். அடைத்த தண்ணீர் உள்ளே அழுத்தம் ஏற்றி, வேறு இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். நாங்கள் நீர்ப்பக்கச் சரிவில் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, பதமான ஈரத்தில் ரோலர் ஓட்டினோம். வெளி அடிவாரத்தில் மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி. தண்ணீர் வெளியேறும், மண் உள்ளேயே நிற்கும். கரைமேல் நின்ற சில்வர் ஓக்குகளை வேரோடு தோண்டி எடுத்து, குழியைக் கெட்டித்து மூடினோம். மரத்தை மட்டும் வெட்டினால் வேர் மக்கி, அதுவே தண்ணீருக்குப் பாதையாகிவிடும். இப்போது கரையில் அருகம்புல்தான்.

இந்தக் களிமண் எத்தனை வருடம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சீர்செய்த பிறகு பெரும் புயல்மழை எதையும் இது பார்க்கவில்லை. கோடையில் குளம் வற்றினால் களிமண் வெடிக்கும். அதனால் கொஞ்சம் தண்ணீரை எப்போதும் விட்டுவைக்கிறோம். ஷீட்டுக்கு அந்தக் கவலை குறைவு.

எதைத் தேர்ந்தாலும் முதல் செலவு கலிங்குக்குத்தான், அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் வழிக்கு. கரைமேல் தண்ணீர் வழிந்தால் களிமண்ணும் காப்பாற்றாது, ஷீட்டும் காப்பாற்றாது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தது. 25 ஏக்கர் நீர்பிடிப்பில் 20 செ.மீ. மழை என்றால் 2 கோடி லிட்டர். மணிக்கு 5 செ.மீ. வீதம் பெய்து அதில் பாதி ஓடிவந்தாலே நொடிக்கு 700 லிட்டர் கரையை முட்டும். பல தோட்டங்களில் வழிந்தோட வைத்திருப்பது ஒரு 6 அங்குலக் குழாய். அதில் இதன் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது, ஒரு கொப்பு அடைத்தால் அதுவும் இல்லை. கரையின் ஓரத்தில், கெட்டியான இயற்கைத் தரையில், கல் பதித்த அகலமான திறந்த கலிங்கு வேண்டும். அது முழு வேகத்தில் ஓடும்போதும் கரையின் தலை தண்ணீருக்கு மேல் 2, 3 அடியாவது நிற்கணும். கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் வரும் என்றால், குளத்து மட்டத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இதை முடியுங்கள். கசிவு வேலையை அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம், கசிவு தெளிவாக இருக்கும் வரை.