எட்டாம் எண் என்று சொல்லி ஐந்தைத் தலையில் கட்டிவிட்டார்கள்: ஃப்ளை லைன் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூர் மச்சான் போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஒரு ஃப்ளை ராடு கொண்டுவந்தார், இறகில் கட்டிய பொய் இரையை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கழி. 9 அடி, நாலு துண்டு, கைப்பிடிக்கு மேலே 8 என்று எழுதியிருந்தது. ரீலும் இருந்தது. லைன் மட்டும் இல்லை. "அங்க விலை ஜாஸ்தி மாப்ள, இங்கயே வாங்கிக்க" என்றார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கும்பகோணத்தில் தூண்டில் முள், தக்கை, தங்கூசி எல்லாம் கிடைக்கும். ஃப்ளை லைன் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அதனால் ஆன்லைனில் விற்கும் ஒருவரைப் பிடித்தேன். பெயர் போடப்போவதில்லை. ராடின் போட்டோ அனுப்பினேன், எண்ணும் சொன்னேன். "8 வெயிட் மிதக்கும் லைன் 4200 ரூபாய் ப்ரோ, டேப்பர் லீடர் மூணு 1050" என்றார். லீடர் என்பது லைன் நுனிக்கும் முள்ளுக்கும் நடுவில் கட்டும் மெல்லிய நரம்பு. 5250 போட்டுவிட்டேன். நாலே நாளில் கூரியர் வந்தது. பெட்டியில் வெள்ளி ஸ்டிக்கர், அதில் பேனாவால் 8 என்று எழுதியிருந்தது. அச்சடித்த எண் இல்லையே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஃப்ளை ராடில் தூண்டில் போட்டுப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம தூண்டிலில் ஈயக் குண்டு பறக்கும், அதன் பின்னால் தங்கூசி போகும். இதில் ஈயம் கிடையாது. முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும்தான், அதுதான் ஃப்ளை, ஊதினால் பறந்துவிடும். வெயிட் முழுக்க லைனில் இருக்கிறது. அந்த லைன் ராடை வளைக்க வேண்டும், ராடு நிமிரும்போது லைனைத் தள்ள வேண்டும். வயலில் குருவி விரட்டும் கவணில் கல்லுக்குப் பதில் நெல்லுமணியை வைத்துச் சுற்றினால் என்ன ஆகும்? எனக்கு அதுதான் ஆனது.

வாய்க்காலில் இறங்கும் முன் பழகிக்கொள்ளலாம் என்று எங்கள் களத்துக்குப் போனேன். முள்ளைக் கட்டவில்லை, நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு. (அறுத்த வயலில் பழகாதீர்கள், தாள் குத்தி லைனின் மேல்பூச்சு போய்விடும்.) ஒரு மாதம், தினம் சாயங்காலம். லைன் காலடியில் முறுக்கு பிழிந்த மாதிரி விழுந்தது. கிழக்கே இருந்து கடல் காத்து கொஞ்சம் வந்தாலும் முகத்திலேயே திரும்பி அடித்தது. ராத்திரி தோளுக்குக் கோடாலித் தைலம், அதுவும் மச்சான் கொடுத்ததுதான்.

விற்றவரிடம் கேட்டேன். "உங்க மணிக்கட்டு உடையுது ப்ரோ" என்றார், வீசும்போது மணிக்கட்டு ரொம்ப மடங்குகிறதாம். வீடியோ காலில் சொல்லித்தர 600 ரூபாய். கொடுத்தேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "ராடு ரொம்ப விறைப்பு, உங்களுக்கு செட் ஆகாது. என்கிட்ட சாஃப்டா ஒண்ணு இருக்கு, 7500" என்றார். எனக்கு இன்றைக்கும் எரிவது இந்த இடத்தில்தான். தப்பான லைனை அனுப்பியது ஒரு பக்கம். அது தப்பு என்று தெரிந்துகொண்டே என் கையைக் குறை சொல்லி, நல்ல ராடை ஓரம் கட்டிவைக்கச் சொன்னாரே, அது வேறு சங்கதி. பணம் கையில் இருந்திருந்தால் அந்த ராடையும் வாங்கியிருப்பேன். நடவுக் கூலி கொடுக்க வேண்டியிருந்ததால் தப்பித்தேன்.

சந்தேகம் வந்தது ஒரு சின்ன விஷயத்தில். ஆறு மீட்டர் லைன் வெளியே இருக்கும்போது ராடு மூங்கில் கழி மாதிரி நின்றது. பன்னிரண்டு மீட்டர் விட்டுச் சுழற்றினால் கொஞ்சம் உயிர் வந்தது. லைன் கூடக்கூட எடை கூடுகிறது, அப்போதுதான் ராடு வளைகிறது. அப்படியென்றால் குறைவது எடைதான், கை இல்லை.

ராடில் இருக்கும் எண் அதற்கு எந்த எண் லைன் வேண்டும் என்று சொல்வது, அதற்கு ஒரு கணக்கு உண்டு. லைனின் நுனியில் ஒரே பருமனாக வரும் சில அங்குலத்தைத் தள்ளிவிட்டு, முதல் 30 அடியின் எடை என்ன என்பதுதான் அந்த எண். ஐந்துக்கு 140 கிரெய்ன், ஆறுக்கு 160, ஏழுக்கு 185, எட்டுக்கு 210. நம்ம கணக்கில் ஐந்து என்றால் 9.1 கிராம், எட்டு என்றால் 13.6 கிராம். சில கம்பெனிகள் வேண்டுமென்றே அரை எண், ஒரு எண் கூட்டிச் செய்வதுண்டு. மூன்று எண் குறைத்து யாரும் செய்யமாட்டார்கள்.

இவ்வளவு சின்ன எடையை எங்கே போடுவது? பெரிய தெருப் பக்கம் தெரிந்த பத்தர் ஒருவர் இருக்கிறார். 30 அடியில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, நன்றாகக் காயவைத்து எடுத்துப்போனேன். வளையமாகச் சுற்றித் தட்டில் வைத்து, மிச்ச லைன் இழுக்காமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். "என்ன தம்பி, இதுல ஜரிகை ஏதும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போட்டார். 9.2 கிராம். மூன்று தடவை போட்டோம், அதேதான். ஒன்றே முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டியது ஒன்றேகால் பவுன்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து அந்த வெள்ளி ஸ்டிக்கரை வெந்நீரில் ஊறவைத்து உரித்தேன். அடியில் அச்சில் 5 இருந்தது.

பிறகு லீடர் மேலும் சந்தேகம். லீடர் சாட்டைவார் மாதிரி இருக்க வேண்டும், லைன் பக்கம் தடித்து, முள் பக்கம் மெலிந்து. அப்போதுதான் லைனின் வேகம் நுனிவரைக்கும் போய் ஃப்ளையை நீட்டிப் போடும். எட்டாம் எண்ணுக்குத் தடித்த முனை ஏறக்குறைய 0.55 மில்லிமீட்டராவது வேண்டும். நுனிக்கு எக்ஸ் கணக்கு: 11-இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் வருவது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று. 0 எக்ஸ் என்றால் 0.011 அங்குலம், 0.28 மில்லிமீட்டர். பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டிய வாய்க்காலில் விராலுக்குப் போடுகிறவர்கள் அதைவிட மெலிதாகப் போகவேண்டாம்.

பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் ஸ்க்ரூகேஜ் இருக்கும், செம்புக் கம்பி அளக்க. அந்த அண்ணன் அளந்தார். இந்த முனை 0.30. நடுவில் 0.30. அந்த முனை 0.30. "இது தங்கூசிப்பா" என்றார். 9 அடிக்கு வெட்டி, சுருட்டி, கவரில் போட்டு 350 ரூபாய்.

தட்டில் இருந்த எடை, உரித்த ஸ்டிக்கர், ஸ்க்ரூகேஜ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். "பெட்டி பிரிச்சாச்சு ப்ரோ, ரிட்டர்ன் கிடையாது" என்று பதில். அதற்கப்புறம் பிளாக். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பதிவு எண் வாங்கியிருக்கிறேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாமல் வாட்ஸ்அப்பிலேயே வியாபாரம் பேசியது என் தப்பு. பணம் அனுப்பிய ரசீதும் சாட்டும் இருப்பதால் பிழைத்தேன்.

வாங்குவதாக இருந்தால் பெட்டியில் அச்சிட்ட டபிள்யூ எஃப் 8 எஃப் மாதிரி குறி இருக்கிறதா என்று போட்டோ கேளுங்கள். முன்பக்கம் கனம், எண் எட்டு, மிதக்கும் என்று அதற்கு அர்த்தம். நடுவில் இருப்பது உங்கள் ராடின் எண்ணாக இருக்க வேண்டும். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ரீலில் சுற்றும் முன்னால் பத்தரிடம் போய்விடுங்கள்.

அந்த லைன் கெட்ட லைன் இல்லை, ஐந்தாம் எண் ராடுக்கு நன்றாகவே போகும். புகார் முடிந்தபின் டெல்டாவில் யாரிடமாவது அந்த ராடு இருந்தால் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம். லீடரில் ஒன்றை அத்தாட்சிக்கு வைத்திருக்கிறேன். மற்ற இரண்டையும் சித்தப்பா கெண்டைத் தூண்டிலுக்குக் கட்டிக்கொண்டார். அரசலாற்றில் நேற்று ஏழு பிடித்தாராம்.