ஜியுஜைகோவா, ஆங்சாயா?

சீனாவில் திபெத்தியர் வாழும் இயற்கைப் பகுதி ஒன்றைப் பார்க்க வேண்டும், ஆனால் நம் காசால் அங்கே காடும் ஊரும் கெடக்கூடாது என்று நினைப்பவர்கள் குழம்புவது இந்த இரண்டில்தான்.

எங்கே?
ஜியுஜைகோ: சிச்சுவான் மாகாணம். 1992 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பெயருக்கே 'ஒன்பது ஊர்ப் பள்ளத்தாக்கு' என்றுதான் பொருள்.
ஆங்சாய்: சிங்ஹாய் மாகாணம், மேக்காங் ஆற்றின் தலைப்பகுதி. பனிச்சிறுத்தை நாடு.

வசதி
ஜியுஜைகோ: உள்ளே பேருந்து, மரப்பாதை.
ஆங்சாய்: மேய்ப்பர் வீட்டில் படுக்கை, சுமார் 4,000 மீட்டர் உயரம். மூச்சு வாங்கும்.

பணம் யாருக்கு?
ஜியுஜைகோ: நாம் தரும் பணத்தில் பெரும்பங்கு நுழைவுச்சீட்டுக்கே. உள்ளூர்க்காரர்களுக்கு வேலையும் வருமானப் பங்கும் உண்டு, ஆனால் முடிவெடுப்பது பூங்கா நிர்வாகம்.
ஆங்சாய்: விருந்தளிக்கும் குடும்பத்துக்கு 45%, ஊர்ப் பொதுநிதிக்கு 45%, பாதுகாப்புப் பணிக்கு 10%.

மனப்போக்கு
எனக்கு முக்கியம் இதுதான். ஜியுஜைகோவில் காட்டைக் காக்க உழவும் மேய்ச்சலும் நிறுத்தப்பட்டன. அங்குள்ள ஏரிகள் தப்பின; ஆனால் நிலத்தோடு வாழ்ந்த உறவு, வேடிக்கை காட்டும் தொழிலாக மாறியது. சாமி குடியிருக்கும் மலை என்ற பழைய நம்பிக்கையோடு 'இது நம் வருமானம்' என்ற கணக்கும் சேர்ந்தது. ஆங்சாயில் யாக் மாட்டு மந்தை இன்னும் மேய்கிறது. கன்றைக் கொன்ற பனிச்சிறுத்தைமேல் மேய்ப்பருக்குக் கோபம் வராமலா இருக்கும்? ஆனாலும் அதைக் காணவே விருந்தாளி வருகிறான் என்பதால் கோபம் கொஞ்சம் ஆறும்.

வயதான பெற்றோருடன், நாலு நாள் விடுப்பில் என்றால் ஜியுஜைகோ. நேரமும் நல்ல நுரையீரலும் இருந்தால் ஆங்சாய். சிறுத்தை கண்ணில் படாமல் திரும்பவும் தயாராக இருங்கள்.