பழைய டார்ச்சுக்கு எல்இடி பல்ப்: கட்டையை எண்ணிவிட்டு வாங்குங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் பெட்டகத்தைத் திறந்தால், பித்தளையில் செய்து முலாம் பூசிய பழைய டார்ச் கிடைப்பதுண்டு. எவரெடி, ஜீப் என்று அடிமூடியில் அச்சிட்டிருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் இவற்றைப் பார்க்கலாம். உடம்பு கெட்டி, கண்ணாடியும் நிஜக் கண்ணாடி. ஒளி மட்டும் இன்றைக்குப் போதவில்லை. தூக்கிப் போட வேண்டிய பொருள் இல்லை இது. சரியான பல்ப் போட்டால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.

நான்கு வழிகள் உண்டு: பழைய இழை பல்பையே தொடர்வது, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் மட்டும் வைத்த மலிவு எல்இடி பல்ப், உள்ளே வோல்ட்டை ஏற்றியோ இறக்கியோ கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் உள்ள எல்இடி பல்ப், கடைசியாக லித்தியம் செல்லுக்கு மாற்றுவது. கடைக்காரர் எத்தனை வாட் என்று கேட்பார். அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது எத்தனை கட்டை (பேட்டரி) டார்ச் என்பதைத்தான். ரெண்டு கட்டைக்குப் பொருந்துவது அஞ்சு கட்டைக்குப் பொருந்தாது. ஏமாற்றம் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் நடக்கிறது.

செலவு செய்யுமுன் சுத்தம்

ஒளி மங்கினால் குற்றம் பல பொழுது பல்பில் இருக்காது. சுவிட்சுக்கு அடியில் ஓடும் பித்தளைத் தகடு, அடிமூடி ஸ்பிரிங், மூடியின் மரை, பல்பின் கழுத்து ஆகிய நான்கு இடங்களில் ஒன்றில் களிம்பு ஏறியிருக்கும். அங்கே அரை ஓம் தடை இருந்தாலே, அரை ஆம்பியர் இழுக்கும் பல்புக்கு கால் வோல்ட் குறைந்து போகும். 2.4 வோல்ட்டில் எரியும் இழைக்கு அது பத்து சதவீதம். ஒளியோ ஏறக்குறைய முப்பது சதவீதம் இறங்கிவிடும், ஏனென்றால் இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் பல மடங்கு வேகத்தில் சரியும்.

600 நம்பர் எமரித் தாளால் இந்த நான்கு இடங்களையும் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கட்டை கசிந்து உப்புப் படிந்திருந்தால் அது எந்தக் கட்டை என்று பாருங்கள். சாதாரண கார்பன் கட்டையின் கசிவு அமிலத்தன்மை உள்ளது, சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி எடுக்கவும். அல்கலைன் கட்டையின் கசிவு காரம், அதற்கு எலுமிச்சைச் சாறு. மாற்றிப் போட்டால் வேலைக்கு ஆகாது. பிறகு ஈரத் துணியால் ஒற்றி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் போடும் புளியும் பொடியும் முலாம் பூசிய டார்ச்சுக்கு வேண்டாம், முலாம் உரிந்துவிடும். ரிஃப்ளெக்டரின் உட்புறத்தைத் துணியால் தொடவே கூடாது. பழைய வெள்ளிப் பூச்சு துணியோடு வந்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. தூசியை ஊதினால் போதும்.

பல்பின் கழுத்தைப் பாருங்கள்

பெரும்பாலும் இரண்டு வகைதான். கழுத்தில் தட்டையான வளையம் இருந்தால் அது பிஆர் வகை: ரெண்டு கட்டைக்கு பிஆர்2, மூணு கட்டைக்கு பிஆர்3, நாலுக்கு பிஆர்13, அஞ்சுக்கு பிஆர்12. நான்கும் அரை ஆம்பியர் இழுப்பவை, வோல்ட் மட்டும் 2.38, 3.57, 4.75, 5.95 என்று ஏறும். கழுத்தில் மரை இருந்தால் அது இ10, மரையின் விட்டம் 10 மி.மீ. இதே மரையில் 6 வோல்ட், 12 வோல்ட் பல்புகளும் விற்கிறார்கள். மாட்டினால் பொருந்தும், ஆனால் ரெண்டு, மூணு கட்டை டார்ச்சில் ஒழுங்காக எரியாது. பல்பில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

பிஆர் வகையில் வளையத்திலிருந்து இழை வரை 6.35 மி.மீ. உயரம். ரிஃப்ளெக்டரின் குவியம் அந்த இடத்தில்தான் அமைந்திருக்கும். எல்இடியில் ஒளி விடும் சில்லும் (சிப்) அதே உயரத்தில் உட்கார வேண்டும். இரண்டு மி.மீ. மேலே போனாலே நடுவில் கறுப்பு வட்டமும் சுற்றிலும் வளையமுமாக ஒளி சிதறும். தலையைத் திருகி ஃபோகஸ் செய்யும் டார்ச் என்றால் ஓரளவு சமாளிக்கலாம். தலை அசையாத டார்ச்சில் அந்த வசதி இல்லை.

கட்டைக் கணக்கு

வெள்ளை எல்இடி ஒழுங்காக எரிய 3 முதல் 3.4 வோல்ட் வேண்டும். ரெண்டு புதுக் கட்டை தருவது 3 வோல்ட். ஒரு வாரம் உழைத்த கட்டைகள் 2.4-க்கு இறங்கிவிடும். அதனால் ரெண்டு கட்டையில் ரெசிஸ்டர் எல்இடி பல்ப் முதல் நாள் மின்னும், பிறகு மங்கிக்கொண்டே போகும். கட்டைக்குள் பாதிச் சக்தி மிச்சம் இருக்கும்போதே பல்ப் படுத்துவிடும். சார்ஜ் ஏற்றும் நிக்கல் கட்டை போட்டால் இன்னும் மோசம். ரெண்டும் சேர்ந்து 2.4 வோல்ட்தான், தொடக்கத்திலேயே ஒழுங்காக எரியாது.

ரெண்டு கட்டைக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்ட் டிரைவர் உள்ள பல்புதான் ஒரே சரியான எல்இடி. இங்கே ஒரு பொறி உண்டு. "3 முதல் 12 வோல்ட்" என்று அட்டையில் போட்ட பல்ப் ரெண்டு கட்டைக்கும் சேரும் என்று தோன்றும். கட்டை 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் அது தவிக்கத் தொடங்கும். வரம்பு 1 அல்லது 1.5 வோல்ட்டில் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வாட். ஒரு வாட் எல்இடிக்கு 0.35 ஆம்பியரும் 3.2 வோல்ட்டும் கொடுக்க வேண்டும், டிரைவரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும். 2.6 வோல்ட்டில் இருக்கும் ரெண்டு கட்டையிலிருந்து அதற்கு அரை ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்க வேண்டியிருக்கும். பழைய பிஆர்2 இழுத்ததும் அரை ஆம்பியர்தான். ஆக ரெண்டு கட்டையில் ஒரு வாட் எல்இடி போட்டால் வெளிச்சம் பல மடங்கு கூடும், கட்டை மிச்சமாகாது. எல்இடி என்றாலே கட்டை மிச்சம் என்ற நம்பிக்கையோடு வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரை வாட் பல்ப் கால் ஆம்பியரில் முடித்துவிடும், வெளிச்சமும் பழைய பல்பைவிட மூன்று நான்கு மடங்கு. ரெண்டு கட்டைக்கு இதுவே நல்ல தேர்வு. மூன்று வாட் என்று சொல்லி விற்பதைத் தொடாதீர்கள். அது ஒன்றரை ஆம்பியர் கேட்கும், கார்பன் கட்டையால் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் சூடு போக இடமில்லை. இழை பல்ப் தன் சூட்டைக் கதிராக வெளியே தள்ளிவிடும். எல்இடியின் சூடு அடிவழியே உலோகத்துக்குள் இறங்க வேண்டும். அந்தச் சின்னக் கழுத்தில் அதற்கு வழி குறைவு. சில நிமிடத்தில் ஒளி இறங்கும், சில நாளில் சில்லு நீலம் பாய்ந்து போகும்.

அஞ்சு கட்டை டார்ச்சில் நிலைமை நேர் எதிர். பிஆர்12 சாப்பிடுவது 3 வாட். அதே இடத்தில் வோல்ட்டை இறக்கும் பக் டிரைவர் உள்ள ஒரு வாட் எல்இடி 0.2 ஆம்பியரோடு நின்றுவிடும், கட்டை இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கும். இங்கேயும் மலிவு பல்பில் உள்ளே ரெசிஸ்டரே இருக்கக்கூடும். அப்படியானால் மிச்ச நாலு வோல்ட்டும் சூடாகவே போகும்.

மூணு கட்டைக்குக் கையால் செய்வது

மூணு கட்டை டார்ச்சுக்கு மட்டும் ரெசிஸ்டர் வழியே நியாயமானது, வீட்டிலேயே செய்யலாம். ஃப்யூஸ் போன பிஆர்3 பல்பைத் துணியில் சுற்றிக் கண்ணாடியை உடையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு, உள்ளே உள்ள சிமெண்டை ஊசியால் சுரண்டி எடுங்கள். 8 மி.மீ. அரை வாட் எல்இடி, தலை தட்டையாக அகல ஒளி தருவது, ஒன்று. 10 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று. 4.5 வோல்ட்டில் எல்இடிக்கு 3.2 போக மிச்சம் 1.3. அதைப் பத்தால் வகுத்தால் 130 மில்லி ஆம்பியர். எல்இடியின் நீளக் காலை ரெசிஸ்டர் வழியாக அடிமுனைக்கும், குட்டைக் காலைக் கழுத்துக்கும் பற்றவைக்க வேண்டும். சில்லு வளையத்திலிருந்து 6 மி.மீ. உயரத்தில் நிற்கிறதா என்று அளந்த பிறகே எபாக்சி ஊற்றுங்கள். ஊற்றிய பின் திருத்த முடியாது.

கூரான தலை கொண்ட 5 மி.மீ. எல்இடியை இதற்கு எடுக்காதீர்கள். அதன் ஒளி முன்பக்கமாகவே குவிந்து போவதால் ரிஃப்ளெக்டர் சும்மா இருக்கும்.

எல்லா எல்இடி பல்புக்கும் பொதுவான எச்சரிக்கை: இழை பல்புக்குத் திசை கிடையாது, எல்இடிக்கு உண்டு. கட்டையின் குமிழ் முனை பல்பைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் வெறும் எல்இடி எரியாது, அவ்வளவுதான். டிரைவர் உள்ள பல்ப் கருகியே போகலாம்.

தூரமா, அகலமா

வீட்டு முற்றமான வளவில் நின்று மேல்மாடத்துத் தேக்கு உத்தரத்தில் கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. சாமான் வைக்கும் உக்கிராண அறைக்குள் காலடியைப் பார்த்து நடப்பது வேறு வேலை. முதலாவதற்குக் குவிந்த ஒளி வேண்டும். அஞ்சு கட்டை டார்ச்சின் பெரிய ரிஃப்ளெக்டரும் பொடி இழையும் அதற்காகவே பிறந்த ஜோடி. எல்இடி முன்பக்கம் மட்டும் ஒளி விடுவதால் கணிசமான பங்கு ரிஃப்ளெக்டரைத் தொடாமலே வெளியேறிவிடும். கண்ணெதிரே வெளிச்சம் கூடியிருக்கும், உத்தரத்தில் விழும் புள்ளி எதிர்பார்த்த அளவு இருக்காது. ஆகவே தூரம் முக்கியம் என்றால் ஒற்றைச் சில்லு பல்பையே தேடுங்கள். சுற்றிலும் நாலைந்து சில்லு ஒட்டியது ஒளியை வளையமாக்கும். ஒற்றைச் சில்லு கிடைக்காவிட்டால் அதே வோல்ட்டில் கிரிப்டான் வாயு அடைத்த இழை பல்பைப் போடுங்கள். கட்டையைத் தின்னும், ஆனால் குவியம் பிசகாது.

நிறமும் கவனிக்க வேண்டியது. 6500 கெல்வின் (ஒளியின் நிற அளவு) நீல வெளிச்சத்தில் பழுப்புப் பாம்பும் செம்மண்ணும் ஒரே மாதிரி வெளிறித் தெரியும். ஊருணிக் கரையில் இரவில் நடப்பவர்கள் 3000 முதல் 4000 கெல்வின் வரையிலான மஞ்சள் கலந்த பல்பைக் கேட்டு வாங்குவது நல்லது.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்களுக்குத் தேவை அகல ஒளியும் குறைந்த எடையும். கார்பன் கட்டை ஒன்று ஏறக்குறைய 90 கிராம், அல்கலைன் 140. ரெண்டு கட்டை, அரை வாட் பூஸ்ட் பல்ப் அவர்களுக்குப் போதும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இழை பல்ப் மஞ்சளாகி மங்கி, கட்டை தீரப்போவதை முன்கூட்டியே காட்டும். பூஸ்ட் பல்ப் கடைசிவரை ஒரே சீராக எரிந்துவிட்டுச் சட்டென்று நிற்கும். மாற்றுக் கட்டை கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

லித்தியம் வழி

தினமும் டார்ச் எடுக்கும் காவலாளுக்கு இதுதான் லாபம். 32 மி.மீ. தடிமன், 70 மி.மீ. நீளமுள்ள 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் பெரிய கட்டைக்கான குழாயில் நுழையும். சில பழைய குழாய்கள் இறுக்கமாக இருக்கும், அளந்து பார்க்கவும். ரெண்டு கட்டையின் நீளம் 123 மி.மீ., ஆகவே 53 மி.மீ. மரத்துண்டு ஒன்றில் நீளவாக்கில் துளையிட்டுப் பித்தளை போல்ட்டைச் செருகி இடத்தை நிரப்புங்கள். மரத்துண்டு அடிமூடிப் பக்கமே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் குழாயும் போல்ட்டும் நெகட்டிவ், உரசினாலும் ஆபத்தில்லை. பல்ப் பக்கம் வைத்து போல்ட் குழாயைத் தொட்டால் ஷார்ட் ஆகும். இந்த வகை செல் நொடியில் கம்பியைச் சிவக்கவைக்கும் அளவுக்கு மின்சாரம் கொட்டும், அதனால் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல்லையே வாங்குங்கள். 6 ஆம்பியர் மணி செல் என்றால் ஒரு வாட் பூஸ்ட் பல்ப் கணக்குப்படி 13 மணி நேரம் எரியும். சார்ஜரும் இதற்கென்று 3.65 வோல்ட்டில் நிற்பதாக இருக்க வேண்டும். 4.2 வோல்ட் சார்ஜர் வேறு வகை லித்தியத்துக்கானது.

18650 எனப்படும் 4.2 வோல்ட் லித்தியம் செல் இரண்டை ரெண்டு கட்டைக்குப் பதிலாகப் போட்டுப் பார்க்காதீர்கள். அது 8.4 வோல்ட். ரெண்டு கட்டைக்கான பல்பில் எழுதிய வோல்ட்டைத் தாண்டிவிடும்.

எதைச் செய்தாலும் பழைய பித்தளை டார்ச்சில் துளை போடாதீர்கள், ரிஃப்ளெக்டரை அறுக்காதீர்கள். கழற்றிய மூலப் பல்பைத் தாளில் சுற்றி எடுத்து வையுங்கள். பழம்பொருளாக மதிப்புக் கேட்பவர் முதலில் தேடுவது அதைத்தான். பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடாக இருந்தால், கதவைப் பூட்டுமுன் கட்டைகளை வெளியே எடுத்துவிடுங்கள். பூஸ்ட் பல்ப் கட்டையைச் சொட்டு விடாமல் உறிஞ்சும். காலியான கார்பன் கட்டையின் துத்தநாகக் கூடு அரிக்கப்பட்டு ஓட்டையாகி, அடுத்த திருவிழாவுக்குள் குழாயோடு ஒட்டிக்கொள்ளும்.