ஸ்கீன்ஸ் வீசும் நாளுக்கு டிக்கெட் தேடுகிறீர்களா? 412 டாலர் இழந்தவள் எழுதுகிறேன்

நேற்று முன்தினம் மாலை 412 டாலர் போச்சு. பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸைப் பார்க்க, நான்கு பேர் அணியின் மைதானமான பிஎன்சி பார்க் வாசல் வரை போய், உள்ளே நுழைய முடியாமல் திரும்பி வந்தோம். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. பிட்ஸ்பர்க்கில் இருக்கும் தமிழர்கள், அதிலும் கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வந்திருப்பவர்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எப்படி ஏமாந்தேன் என்பதையும், நீங்கள் ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் விளக்கமாக எழுதுகிறேன்.

நான் பேஸ்பால் தெரியாத ஆள் இல்லை. 2012இல் இந்த ஊருக்கு வந்தேன். 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன் தோல்விக் கணக்கில் முடித்த அணி பைரேட்ஸ். நான் வந்த அடுத்த ஆண்டே பிளேஆஃப், அதாவது சீசன் கடைசியில் கோப்பைக்கான சுற்று. மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டை. சின்சினாட்டி பிட்சர் குவேட்டோவின் பெயரைக் கூட்டம் மொத்தமும் இழுத்து இழுத்துக் கத்த, அவர் கையிலிருந்து பந்து நழுவி விழுந்தது. அடுத்த பந்திலேயே எங்கள் ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அன்று பிடித்த பைத்தியம் எனக்கு. என் பையனுக்கு இப்போது பத்து வயது. அணி கடைசியாக ஆடிய பிளேஆஃப் ஆட்டத்தை அவன் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அது 2015.

அப்பா திண்டுக்கல்லிலிருந்து 2025 ஜூன் மாதம் வந்தார். முப்பது வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். குண்டு எறிதல், ஈட்டி எறிதல் எல்லாம் சொல்லிக்கொடுத்த மனுஷர், அதனால் யார் எதை எறிந்தாலும் முழங்கையைத்தான் முதலில் பார்ப்பார். பேரனோடு உட்கார்ந்து டிவியில் பால் ஸ்கீன்ஸ் வீசுவதை ஒரு நாள் பார்த்தார். ஆறடி ஆறங்குல உயரம், மணிக்கு 100 மைல் தொடும் பந்து. "இந்தப் பையன் தோளை அவசரப்படுத்தவே இல்லை பாரும்மா. இவனை நேரில் ஒரு தடவை பார்க்கணும்" என்றார். இந்த இரண்டு மாதத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

ஸ்கீன்ஸ் ஐந்தாறு நாளுக்கு ஒரு முறைதான் வீசுவார். அதிலும் பாதி வெளியூரில். அப்பா ஊர் திரும்புவதற்குள் நாங்கள் நால்வரும் போகக்கூடிய நாளென்று ஒன்றே ஒன்று இருந்தது. அப்பா பந்தின் வேகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டையடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். அணியின் செயலியில் அங்கே நான்கு இடம் சேர்ந்தாற்போல் இல்லை. அதனால் டிக்கெட்டைக் கைமாற்றி விற்கும் ஒரு இணையதளத்துக்குப் போனேன். பெயர் எழுதவில்லை. ஆனால் விளம்பரம் பெரிதாகச் செய்கிற, பார்த்தால் நம்பிக்கை வருகிற தளம். "ஸ்கீன்ஸ் வீசுவது உறுதி, இருக்கை உறுதி" என்று போட்டிருந்தார்கள். 12ஆவது வரிசை, நான்கு இருக்கை, கட்டணம் எல்லாம் சேர்த்து 480 டாலர். தொலைபேசி எண்ணைப் பதிந்துவிட்டு, விலையைப் பார்த்துத் தயங்கி, மூடிவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் போன். அந்தத் தளத்தின் வாடிக்கையாளர் சேவை என்று ஒரு பெண் பேசினார். நான் பார்த்த ஆட்டம், வரிசை, விலை எல்லாவற்றையும் அவரே சொன்னார். அதனால்தான் நம்பினேன். என்ன குரல் அது! அவ்வளவு நிதானம். "யாரோடு போகிறீர்கள்?" என்று கேட்டார். அப்பா இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார், இதுதான் அவருடைய முதல் ஆட்டம் என்றேன். "என் அப்பாவும் என்னை முதன்முதலில் இந்த மைதானத்துக்குத்தான் அழைத்துப் போனார்" என்றார். வெளியே பைரேட்ஸின் பழைய வீரர் கிளெமெண்டேயின் சிலையருகே நின்று அப்பாவோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். என் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான், கார்டில் கட்டினால் கட்டணம் சேரும், வங்கியிலிருந்து நேராக அனுப்பினால் அதைக் கழித்துத் தருகிறேன், 412 டாலர் போதும் என்றார். அனுப்பினேன். உடனே தளத்தின் முத்திரையோடு மின்னஞ்சல் வந்தது. என் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஆர்டர் இருந்தது. "உறுதிசெய்யப்பட்டது" என்று பச்சை எழுத்தில் இருந்தது. இதற்கு மேல் ஒரு மனுஷி என்னத்தைச் சரிபார்ப்பாள், சொல்லுங்கள்.

ஆட்ட நாள் காலை வரை டிக்கெட் வரவில்லை. சாட்டில் கேட்டேன். விற்பவருக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது, பொறுங்கள் என்றார்கள். மதியம் கேட்டேன், அதே பதில், எழுத்து மாறாமல். மாலை 4:40க்கு ஒரு பிடிஎஃப் வந்தது. நான்கு பார்கோடு. சரி, வந்துவிட்டதே என்று கிளம்பினோம். டவுன்டவுனில் காரை விட்டுவிட்டு கிளெமெண்டே பாலத்தில் நடந்தே போனோம். அப்பா புதிதாக வாங்கிய கறுப்புத் தொப்பி போட்டிருந்தார். பையன் ஸ்கீன்ஸின் 30ஆம் எண் சட்டை. அந்தப் பெண் சொன்னபடியே சிலையருகே படமும் எடுத்துக்கொண்டோம். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வாசலில் இருந்த வயதான அம்மா மூன்று முறை ஸ்கேன் செய்து பார்த்தார். மூன்று முறையும் சிவப்பு. இப்படித் தாளில் வருவதெல்லாம் செல்லாது, டிக்கெட் செயலிக்குள்தான் வரும் என்று மெதுவாகச் சொன்னார். டிக்கெட் கவுண்டருக்குக் கையோடு அழைத்துப் போனதும் அவர்தான். அங்கே பார்த்துச் சொன்னார்கள்: அந்த நான்கு இருக்கையும் வேறு யாருக்கோ விற்றது, அவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். மேல்தட்டில் நான்கு வேறு இடம் தர முடியும் என்றார்கள். நான் பையைத் திறந்தேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்மா. ஏமாந்த காசு போதும். இன்னொரு தடவை கொட்ட வேண்டாம்." எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆற்றோர நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றோம். உள்ளே ஸ்கீன்ஸ் மட்டையாளரை வீழ்த்திய ஒவ்வொரு ஸ்ட்ரைக் அவுட்டுக்கும் கூட்டம் எழுப்பிய சத்தம் மட்டும் கேட்டது. பையன் சத்தத்தை வைத்தே விரலில் எண்ணிக்கொண்டிருந்தான்.

அன்று இரவே அந்தத் தளத்தை அழைத்தேன். 50 நிமிஷம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்து, இணைப்பே அறுந்துபோனது. மறுபடி அழைத்தேன். ஒருவர் புகார் எண் கொடுத்து 72 மணி நேரம் பொறுக்கச் சொன்னார். நேற்றுக் காலையே மின்னஞ்சல் வந்தது: எங்கள் பதிவுப்படி டிக்கெட் உங்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டது, புகார் முடிக்கப்படுகிறது. மூன்றாம் முறை அழைத்தபோது வேறொருவர், நீங்கள் பணம் கட்டியது எங்கள் தளம் வழியாக அல்ல, அதனால் எங்கள் உத்தரவாதம் பொருந்தாது என்றார். அப்படியானால் என் கணக்கில் ஆர்டர் எப்படி வந்தது, என் எண் அந்தப் பெண்ணுக்கு யார் கொடுத்தது என்று கேட்டேன். பதில் இல்லை. மனவருத்தத்துக்காக அடுத்த முறை 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்களாம். 412 டாலரைப் பிடுங்கிக்கொண்டவர்களிடம் நான் மறுபடி போய் வாங்க வேண்டுமாம்! அந்தப் பெண்ணின் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. வங்கியில் கேட்டால், நீங்களே ஒப்புக்கொண்டு அனுப்பிய பணம், திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள்.

இதில் இன்னொரு கோபமும் எனக்கு இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட முடியாது. தோற்கிற அணியின் ஆட்டத்துக்கு நான் ஏன் இப்படி அடித்துப்பிடித்து டிக்கெட் தேட வேண்டும்? ஏனென்றால் இந்த அணியில் நம்பிக்கை என்பது ஐந்தாறு நாளுக்கு ஒரு மாலைதான் வருகிறது. மற்ற நாட்களில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அந்த ஒரு மாலைக்குத்தான் எல்லோரும் வருகிறோம், டிக்கெட் தரகர்களும் அதே மாலைக்குத்தான் வலை விரிக்கிறார்கள்.

ஸ்கீன்ஸ் 2023 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுப்பது) முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். 2024 மே மாதம் அறிமுகம். அந்த ஆண்டு ஈஆர்ஏ 1.96, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது. 2025இலும் 2-ஐ ஒட்டியே நின்றது. ஆனால் அந்த ஆண்டு வெற்றியும் தோல்வியும் ஏறக்குறைய சமமாக இருந்தது. மே 18 அன்று ஃபிலடெல்ஃபியாவில் எட்டு இன்னிங்ஸையும் ஒற்றை ஆளாக வீசினார். முடிவு 1-0 தோல்வி. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "ஒருத்தன் அஞ்சு விக்கெட் எடுத்துக் கொடுத்தும் மத்தவங்க எல்லாம் 90 ரன்னுக்குச் சுருண்டா அவன் என்னம்மா செய்வான்?" என்றார். 2025இல் ஹோம் ரன் கணக்கில் 30 அணிகளில் நாங்கள் அடிமட்டத்தில் கிடந்தோம். மட்டையடிக்க ஆள் வாங்க வேண்டும். அதற்குக் காசு செலவழிக்க வேண்டும்.

செலவழிக்க வேண்டியவர் உரிமையாளர் பாப் நட்டிங். 2007இலிருந்து அணி அவர் கையில். 2025 வரை இத்தனை ஆண்டில் பிளேஆஃப் போனது மூன்றே முறை, 2013, 2014, 2015. அணியின் வரலாற்றிலேயே 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் ஒப்பந்தம் 2023இல் பிரையன் ரெனால்ட்ஸுக்குத்தான். அதே ஆண்டு டிசம்பரில் டாட்ஜர்ஸ் அணி ஒரே ஆளுக்கு, ஓடானிக்கு, 70 கோடி எழுதிக்கொடுத்தது. அவ்வளவு கேட்கவில்லை நாங்கள். கொஞ்சமாவது என்றுதான் கேட்கிறோம். 2025 ஏப்ரலில் சொந்த ஊர் முதல் ஆட்டத்திலேயே "அணியை விற்றுவிடு" என்று கூட்டம் கத்தியது. மேலே விமானத்தில் அதே வாசகம் பறந்தது. மே மாதம் 12 வெற்றி 26 தோல்வி என்று இருந்தபோது மேலாளர் ஷெல்டனை நீக்கினார்கள். மட்டையடிக்க ஆள் கொடுக்காமல் மேலாளரை மட்டும் மாற்றினால் ஓட்டம் எங்கிருந்து வரும்? ஜூலை 31 அன்று டேவிட் பெட்னரை யாங்கீஸ் அணிக்கு அனுப்பினார்கள். மார்ஸ் என்ற பக்கத்து ஊரில் வளர்ந்த பையன், கடைசி இன்னிங்ஸைக் காப்பாற்றிக் கொடுத்தவன்.

பிட்சர்களை வளர்த்து அடுத்தவனுக்குக் கொடுப்பது இங்கே பழைய கதை. கெரிட் கோலை 2018 ஜனவரியில் ஹியூஸ்டனுக்குக் கொடுத்தார்கள், 2023இல் அவர் யாங்கீஸ் சட்டையில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். அதே 2018 ஜூலையில் கிறிஸ் ஆர்ச்சர் ஒருவருக்காக கிளாஸ்னோ, மெடோஸ், பாஸ் மூன்று பேரையும் டாம்பாவுக்கு அனுப்பினார்கள். ஸ்கீன்ஸ் 2029 சீசன் முடிந்தால் சுதந்திரமானவர், எந்த அணிக்கும் போகலாம். அதுவரையாவது வைத்திருப்பார்களா என்று என் பையன் கேட்கிறான். பத்து வயசுப் பையன் கேட்கிற கேள்வியா இது?

மைதானத்தின் வலது பக்கச் சுவர் 21 அடி உயரம், கிளெமெண்டேயின் 21ஆம் எண்ணுக்காக. நிகராகுவா நிலநடுக்கத்துக்கு உதவிப் பொருள் ஏற்றிப்போன விமானம் விழுந்து 1972 டிசம்பர் 31 அன்று இறந்த மனுஷர் அவர். அந்தச் சுவரில் இருந்த 21 என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு 2025இல் மதுபான விளம்பரம் வைத்தார்கள். குடும்பத்தாரும் ரசிகர்களும் கொதித்த பிறகுதான் திரும்ப வைத்தார்கள். அதைக் கேட்டபோதே என் மனசு விட்டுப்போயிருக்க வேண்டும். போகவில்லை. அதனால்தான் 412 டாலர் கொடுத்து ஹோம் பிளேட் பக்கம் இடம் தேடினேன்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன். மணி ஒன்றரை ஆகிவிட்டது, காலையில் வேலைக்குப் போக வேண்டும், அதனால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தானாக வருகிற போனை நம்பாதீர்கள், உங்கள் விவரம் எல்லாம் தெரிந்து பேசினாலும் சரி. வங்கியிலிருந்து நேராகப் பணம் அனுப்பாதீர்கள், கிரெடிட் கார்டில் கட்டினால் தகராறு செய்யவாவது வழி உண்டு. பிடிஎஃப், ஸ்கிரீன்ஷாட் வந்தால் அது டிக்கெட் இல்லை, செயலிக்குள் உங்கள் பெயரில் வந்தால்தான் டிக்கெட். இன்னார் வீசுவது உறுதி என்று யாராலும் விற்க முடியாது, மழை வந்தாலே வரிசை மாறும். மேல்தட்டு இடமானாலும் அணியிடமே வாங்குங்கள்.

அப்பாவுக்கு வியாழக்கிழமை விமானம். ஸ்கீன்ஸ் அடுத்து இங்கே வீசுவது அதற்கு மறுநாள்.