சமூக விஞ்ஞானம் படிக்க வந்தாறுமூலையா, ஒலுவிலா?

உயர்தரத்தில் கலைப்பிரிவில் சித்தியெய்தி, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்பும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தை முன்னே போடுவதா, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை முன்னே போடுவதா என்ற குழப்பம் ஆண்டுதோறும் வருகிறது.

தோற்றம்: வந்தாறுமூலை 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது. தென்கிழக்கு 1995இல் கல்லூரியாகி 1996இல் தரமுயர்ந்தது. இந்த வயது வித்தியாசத்தை வைத்து எவரும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

செலவு: இரண்டிலும் கல்விக் கட்டணம் இல்லை, காசு கரைவது அறை வாடகையிலும் சாப்பாட்டிலும் பஸ்ஸிலும்தான். ஏறாவூர், செங்கலடிப் பிள்ளைகள் சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு வந்தாறுமூலைக்கு நாளாந்தம் போய்வரலாம். நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பிள்ளைகளுக்கு ஒலுவில் அவ்வாறே. வெளிமாவட்டத்தவர் ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுவதையும், ஒலுவிலுக்கு அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டியிருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கள ஆய்வு: என் பார்வையில் இதுவே முக்கியம். மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று பிரிந்து கிடக்கும் வாழ்க்கை நிலைகளை ஆராய விரும்புவோருக்கு வந்தாறுமூலை வாய்ப்பானது. ஒலுவிலிலோ துறைமுகம் கட்டிய பின் கடல் கரையை அரித்ததும், அதனால் மீனவரும் காணிக்காரரும் பட்ட பாடும் வளாகத்துக்கு அருகிலேயே கிடக்கும் ஆய்வுப் பொருள்.

ஆகவே தமிழர் பண்பாடு, கூத்து ஆகியவற்றோடு சமூகத்தைப் படிக்க விரும்புவோர், கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருப்பதால், கிழக்கை முதலில் இடலாம். முஸ்லிம் சமூக ஆய்வில் நாட்டமுள்ளோருக்கு, இஸ்லாமியக் கற்கைகள், அரபுமொழிப் பீடம் உள்ள தென்கிழக்கே பொருத்தம். எதுவாயினும், விரும்பிய பாடத்தில் சிறப்புப் பட்டம் உண்டா என்பதை அவ்வாண்டுக் கைநூலில் பார்த்த பின்பே வரிசையை எழுதுங்கள்.