பாப்டிஸ்டு மாத இதழ்: ஒரு நெடுநாள் சந்தாதாரரின் அனுபவம்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குத் தமிழ் பாப்டிஸ்டு மாத இதழ் ஒன்று பல வருஷமாக வருகிறது. குறையும் சொல்லப்போவதால் இதழின் பெயர் வேண்டாம்.

சி.எஸ்.ஐ., மெத்தடிஸ்டு சபைகளுக்குப் பேராயர் உண்டு. பாப்டிஸ்டு சபையோ தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும். போதகரைக்கூட சபை கூடித்தான் அழைக்கும். அப்புறம் ஒரு சபையின் சங்கதி இன்னொரு சபைக்கு எப்படித் தெரியும்? பத்திரிகைதான் வழி. 1792இல் தொடங்கிய பாப்டிஸ்டு மிஷனரி சங்கமே, வில்லியம் கேரி முதலானோர் இந்தியாவிலிருந்து எழுதிய கடிதங்களை அச்சிட்டு அனுப்பித்தான் இங்கிலாந்துச் சபைகளின் ஆதரவைத் தக்கவைத்தது.

இதழ் வந்ததும் என் மாமியார் நேரே புரட்டுவது ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்கள்’ பக்கத்தை. அவர் கோலார் தங்கவயல்காரர். 2001இல் சுரங்கத்தை மூடியபின் கூட இருந்தவர்கள் பெங்களூரு, ஓசூர், சென்னை என்று சிதறிவிட்டார்கள். ஊர்ப் பெயர்மேல் மட்டும் விரலை ஓட்டிக்கொண்டே போவார். தங்கவயலின் மாரிக்குப்பம் என்று கண்டால் விரல் நின்றுவிடும். “இது டீச்சரம்மா மவ இல்ல?” வாட்ஸ்அப்பில் சாவுச் செய்தி அன்றைக்கே வருகிறது, சரி. ஆனால் நம்மிடம் நம்பர் இல்லாதவர்களின் செய்தி அதில் வராதே.

ஜெப விண்ணப்பப் பக்கமும் வீணாவதில்லை. பெண்கள் ஐக்கியத்தில் அதைக் கத்தரித்து ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிடுவார்கள்.

கிறிஸ்துமஸ் செய்தி பொங்கலுக்கு வரும். பொன்னாடைப் படங்கள் எக்கச்சக்கம். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சபைகள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்தின் தேர்தலில் தகராறு, சொத்து வழக்கு என்றால் மட்டும் ‘சிறப்புக் கூட்டம் நடைபெற்றது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இதழுக்குப் பணம் கொடுப்பதே சங்கம், ஆசிரியர் என்ன செய்வார்! அமெரிக்காவிலும் இதே கதைதான். 1990இல் தெற்கத்திய பாப்டிஸ்டுகளின் பாப்டிஸ்டு பிரஸ் செய்தி நிறுவனத்தில் இரண்டு ஆசிரியர்களை நிர்வாகக் குழு வேலையைவிட்டு நீக்கியது. அதையொட்டி அசோசியேட்டட் பாப்டிஸ்டு பிரஸ் என்று தனியாக ஒன்று உருவானது. நம் சங்கங்களின் அளவுக்கு அப்படித் தனிப் பத்திரிகை நடத்தக் கட்டாது. கணக்கறிக்கையை வருஷம் ஒருமுறை முழுசாக அச்சிட்டாலே பாதி வதந்தி அடங்கும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் சந்தா கட்டுங்கள். சபை மூலமாகக் கட்டுவது நல்லது. பிரதிகள் கட்டாக வருவதால் தபாலில் தொலைவது குறைவு.